ஆறாம் நாள் கணக்கு

திருவனந்தபுரம் சாலை பஜாரில் வளர்ந்த எனக்கு ஜூன் என்றால் குடை, புது நோட்டு. ஆசிரியர்களுக்கோ 'ஆறாம் நாள்'! பள்ளி திறந்து ஆறாவது வேலை நாளில் தலை எண்ணுவார்கள். பிள்ளைகள் குறைந்தால் டிவிஷன் போகும், அதோடு ஆசிரியர் பணியிடமும் போகும். கேரளம் முழுக்க இதே விதிதான்.

கட்டடப் பணமும் தலைக்கணக்குதான். கிஃப்பி மூலம் தொகுதிக்கு ஒரு பள்ளிக்கு 5 கோடி. மற்றதில் 1000 பேருக்கு மேல் படித்தால் 3 கோடி, 500-க்கு மேல் என்றால் 1 கோடி. வழுதக்காடு காட்டன்ஹில் பள்ளியில் ஆயிரக்கணக்கில் மாணவிகள், கவலையில்லை. அம்பூரி மலைப் பக்கம் 150 பிள்ளைகளோடு ஒரு பள்ளி இருந்தால்? (2018-ல் வந்த ஹைடெக் திட்டம் பரவாயில்லை. 8 முதல் 12 வரை 45,000 வகுப்பறைகளுக்கு லேப்டாப், புரொஜெக்டர்.)

தலைமையாசிரியர் கதை இன்னும் மோசம். சீனியாரிட்டியில் அந்த நாற்காலி கிடைக்கும்போதே ஐம்பதைத் தாண்டியிருக்கும். 2013-க்கு முன் வேலையில் சேர்ந்தவர்களுக்கு 56-ல் ஓய்வு. மிச்சமிருக்கும் கொஞ்ச வருஷத்தில் வீட்டுப் பக்கம் மாற்றல் கேட்பார். நாமாக இருந்தாலும் கேட்போம்தானே? நகரப் பள்ளியில் பி.டி.ஏ. பார்த்துக்கொள்ளும். மலையில் யார்?

இதற்கு மேல் நம்ம டாலர் வேறு. என் பழைய பள்ளி வாட்ஸாப் குழுவில் இப்போது ஸ்மார்ட் கிளாஸுக்கு வசூல். அந்தப் பணத்தை ஒரு மலைப் பள்ளிக்கு, ஒரு வருஷ வேன் வாடகையாகக் கொடுக்கலாமே என்றேன். "அது நம்ம ஸ்கூல் இல்லையேடா" என்று பதில் வந்தது. என் பங்கை இன்னும் அனுப்பவில்லை.