கால் இலவசம்... ரயில் டிக்கெட்டுக்கு என்ன செய்வது? ஜெய்ப்பூருக்கு ஒரு பயணம்

சித்தப்பா சென்ட்ரல் ஸ்டேஷனுக்கு இரண்டு பைகளோடு வந்தார். ஒன்றில் வேட்டி, சட்டை, சித்தி கட்டிக்கொடுத்த புளிசாதம். இன்னொன்று மஞ்சள் பை. அதை மட்டும் யாரிடமும் கொடுக்காமல் மடியிலேயே வைத்திருந்தார். உள்ளே ஆதார் கார்டு, ரேஷன் கார்டு, மாற்றுத்திறனாளி அடையாள அட்டை, வருமானச் சான்று, ஆஸ்பத்திரி டிஸ்சார்ஜ் சீட்டு. எல்லாவற்றுக்கும் மூன்று மூன்று ஜெராக்ஸ். கூடவே பத்து பாஸ்போர்ட் சைஸ் போட்டோ.

"எதைக் கேப்பாங்கன்னு தெரியாதும்மா. ஒண்ணு குறைஞ்சாலும் திருப்பி அனுப்பிடுவாங்க" என்றார்.

இரண்டு வருட அனுபவம் அவரை அப்படிப் பேச வைத்தது.

மன்னார்குடிப் பக்கம் ஒரு கிராமம் எங்களுடையது. சித்தப்பாவுக்கு மூன்று ஏக்கர் நிலம். நடவுக்கு ஆள் கூப்பிட டிவிஎஸ்-50-யில் போனவரை லாரி இடித்தது. வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். புண் ஆறியதும் செயற்கைக் கால் விலை கேட்டோம். ஒரு கடையில் ஒரு லட்சத்துக்கு மேல் சொன்னார்கள். விபத்துச் செலவுக்கே சித்தியின் நகைகள் அடகுக் கடைக்குப் போயிருந்தன.

பிறகு உதவி தேடி அலைந்தோம். ஒரு இடத்தில் சிபாரிசுக் கடிதம் கேட்டார்கள். இன்னொரு இடத்தில் "இந்த வருஷ நிதி முடிஞ்சுபோச்சு" என்றார்கள். கடைசியில் ஒரு முகாமில் கால் கிடைத்தது. ஆனால் மேடையில் வரிசையாக நிற்க வைத்து, மாலை போட்டு, போட்டோ எடுத்துத்தான் கொடுத்தார்கள். அந்தக் கால் சரியாகப் பொருந்தவில்லை. பத்தே நாளில் உரசிப் புண்ணாகிவிட்டது. திரும்பப் போய்க் கேட்கலாமென்றால், முகாம் நடத்தியவர்கள் எந்த ஊர் என்றே தெரியவில்லை. கால் பரணுக்குப் போனது. சித்தப்பா ஊன்றுகோலோடு திண்ணையில் உட்கார்ந்துவிட்டார்.

"இனிமே யாருகிட்டயும் கை நீட்ட மாட்டேன்" என்று சொல்லிவிட்டார்.

என் மகள் ஜெய்ப்பூரில் படிக்கிறாள். அவள்தான் ஒருநாள் போனில், "அம்மா, ஜெய்ப்பூர் கால்னு சொல்றாங்களே, அந்த இடம் இங்க மாளவியா நகர்லதான் இருக்கு. சின்னத் தாத்தாவைக் கூட்டிக்கிட்டு வா. எனக்கு ஹிந்தி தெரியும், நான் பேசிக்கிறேன்" என்றாள். சித்தப்பா லேசில் சம்மதிக்கவில்லை. "பேத்தியைப் பார்த்துட்டு வரலாம், வாங்க" என்று சொல்லித்தான் அழைத்துப் போனேன்.

இரண்டு இரவு, ஒரு பகல்

சென்னையிலிருந்து ஜெய்ப்பூருக்கு நேரடி ரயில் இருக்கிறது, ஆனால் தினமும் கிடையாது. சாயங்காலம் ஏறினால் மறுநாள் முழுக்க ரயிலில்தான். மூன்றாம் நாள் காலையில் ஜெய்ப்பூர்.

துணையில்லாமல் பயணிக்க முடியாத மாற்றுத்திறனாளிக்கு, படுக்கை வகுப்பிலும் மூன்றடுக்கு ஏ.சி.யிலும் கட்டணத்தில் 75 சதவீதம் சலுகை உண்டு. கூடப் போகும் ஒருவருக்கும் அதே சலுகை. இதற்கு ரயில்வே கேட்கும் மருத்துவச் சான்று வேண்டும். அதை முன்கூட்டியே வாங்கி வைத்துக்கொண்டால் குடும்பத்துக்குப் பெரிய செலவு மிச்சம்.

விஜயவாடா தாண்டியபோது சித்தப்பா தூங்கிவிட்டார். மறுநாள் நாக்பூருக்கு முன்னால் ஜன்னலோரம் உட்கார்ந்து பருத்தி வயல்களைப் பார்த்துக்கொண்டே வந்தவர், திடீரென்று, "கரிசல் மண்ணு. நடந்து பார்த்தா தெரியும், என்ன பதம்னு" என்றார். பிறகு போபால் வரை பேசவில்லை.

பணம் கட்டும் ஜன்னல் எங்கே?

ஜெய்ப்பூர் என்றால் நமக்கு இளஞ்சிவப்புக் கட்டடங்களும் ஹவா மஹாலும்தான் நினைவுக்கு வரும். கால் இழந்தவர்களுக்கு அந்த ஊர்ப் பெயரே ஒரு காலின் பெயர்.

1960-களின் கடைசியில், இங்குள்ள சவாய் மான்சிங் மருத்துவமனையில் ராம்சந்திர சர்மா என்ற கைவினைஞரும், பி.கே.சேத்தி உள்ளிட்ட மருத்துவர்களும் சேர்ந்து உருவாக்கியது இது. அதுவரை இருந்த செயற்கைக் கால்கள், ஷூ போட்டு நாற்காலியில் உட்காருகிறவர்களுக்காகச் செய்யப்பட்டவை. நம் ஊரில் வெறுங்காலோடு நடக்க வேண்டும், சம்மணம் போட வேண்டும், குந்த வேண்டும், சேற்றில் இறங்க வேண்டும். அதற்காக ரப்பரையும் மரத்தையும் சேர்த்து, பார்க்கவும் நிஜப் பாதம் மாதிரியே இருக்கும்படி செய்தார்கள். சைக்கிள் பஞ்சர் கடைக்குப் போன சர்மா, அங்கே லாரி டயருக்கு ரப்பர் ஒட்டுவதைப் பார்த்துத்தான் இந்த யோசனையைப் பிடித்தார் என்று ஒரு கதை சொல்வார்கள். டாக்டர் சேத்திக்கு 1981-ல் மகசேசே விருது கிடைத்தது.

'தெய்வம் தந்த வீடு' தொடரில் பார்த்தோமே சுதா சந்திரன், அவர் 1981-ல் தமிழ்நாட்டில் நடந்த பேருந்து விபத்தில் ஒரு காலை இழந்தவர். ஜெய்ப்பூர் கால் பொருத்திக்கொண்டுதான் மறுபடி மேடையேறி ஆடினார்.

ஆனால், நல்ல கால் கண்டுபிடித்தால் மட்டும் போதுமா? முதல் சில ஆண்டுகள் அது மிகச் சிலருக்குத்தான் போய்ச் சேர்ந்தது. நிலைமையை மாற்றியவர் டி.ஆர்.மேத்தா என்ற ஐ.ஏ.எஸ். அதிகாரி. 1969-ல் சாலை விபத்தில் சிக்கி, அவருடைய காலையே எடுக்க வேண்டியிருக்குமோ என்ற நிலை வந்தது. கால் பிழைத்தது. 'எனக்கு வசதி இருந்தது, இல்லாதவர்கள் என்ன செய்வார்கள்?' என்ற கேள்வி அவரை விடவில்லை. 1975-ல் பகவான் மகாவீர் விக்லாங் சஹாயதா சமிதி என்ற அமைப்பைத் தொடங்கினார். பின்னாளில் 'செபி' தலைவராக இருந்த அதே மேத்தாதான். அரசு மானியமும் நன்கொடைகளும் கொண்டு அந்த அமைப்பு கால்களை இலவசமாகப் பொருத்துகிறது. காலிப்பர், ஊன்றுகோல், சக்கர நாற்காலி எல்லாம் சேர்த்து இதுவரை 20 லட்சம் பேருக்கு மேல் உதவியிருப்பதாக அமைப்பு சொல்கிறது.

மாளவியா நகர் மையத்துக்குள் நுழைந்ததும் நான் வழக்கப்படி பணம் கட்டும் ஜன்னலைத் தேடினேன். காணவில்லை. சித்தப்பா மஞ்சள் பையைப் பிரிக்கத் தயாராக மடியில் வைத்துக்கொண்டார். பெயர், வயது, ஊர், கால் எப்போது போனது என்று கேட்டு எழுதிக்கொண்டார்கள். அவ்வளவுதான்.

"வருமானச் சான்று காட்டணுமான்னு கேளு பாப்பா" என்றார் சித்தப்பா.

மகள் கேட்டாள். எழுதிக்கொண்டிருந்தவர் சிரித்துவிட்டு ஏதோ சொன்னார்.

"வேண்டாமாம் தாத்தா. கால் இல்லங்கறது தெரியுதே, அது போதுமாம்."

சித்தப்பா பையை மெதுவாக மறுபடி சுருட்டி வைத்தார். அவர் முகத்தை நான் பார்க்கவில்லை. வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன்.

தண்ணீர்க் குழாயில் ஒரு கால்

கூடத்தில் பல மாநிலத்து ஆட்கள். பீகாரிலிருந்து வந்த ஓர் இளைஞன், தலைப்பாகை கட்டிய ஒரு முதியவர், அம்மாவோடு ஒரு சிறுமி. வெளியூரிலிருந்து வருகிறவர்களுக்கும் துணைக்கு வருபவருக்கும் தங்க இடமும் சாப்பாடும் அங்கேயே உண்டு, அதற்கும் காசில்லை. முன்கூட்டியே தேதி வாங்கிக் காத்திருக்கவும் வேண்டாம்.

முழங்காலுக்குக் கீழே மிச்சமிருந்த காலுக்கு மாவுக்கட்டு போட்டு அச்சு எடுத்தார்கள். அந்த அச்சுக்குள் மாவு ஊற்றி, கால் வடிவத்தை அப்படியே வார்த்தார்கள். அழுத்தம் தாங்கும் இடம், தாங்காத இடம் பார்த்துச் செதுக்கினார்கள். பிறகு, தண்ணீர்க் குழாய் செய்யும் அதே வகைப் பிளாஸ்டிக் குழாயைச் சூட்டடுப்பில் இளக்கி, அந்த வடிவத்தின் மேல் இழுத்துப் பொருத்தினார்கள். கீழே ரப்பர் பாதம், மேலே பட்டை.

சாயங்காலத்துக்குள் கால் தயார். இரண்டு பக்கமும் கம்பி இருந்த பாதையில் சித்தப்பாவை நிறுத்தினார்கள். நாலு அடி வைத்தார், முகம் சுளித்தார். உடனே கழற்றி, ஓர் இடத்தைத் தேய்த்து, மறுபடி மாட்டினார்கள். இப்படி மூன்று முறை. எனக்கு இதுதான் பெரிதாகப் பட்டது. கால் கொடுப்பது ஒரு வேலை என்றால், வலிக்கிறது என்று சொன்னால் நின்று கேட்பது அதைவிடப் பெரிய வேலை. முகாமில் கிடைத்த காலுக்கு அந்த இரண்டாவது வேலையைச் செய்ய ஆள் இல்லை.

நாலாவது முறை சித்தப்பா கம்பியைப் பிடிக்கவில்லை. கடைசி வரை நடந்து, திரும்பி, யாரும் சொல்லாமலேயே தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.

"ரெண்டு வருஷமாச்சும்மா, இப்படி உக்காந்து" என்றார்.

காற்று மாளிகையில்

இரண்டு நாள் அங்கேயே தங்கி நடந்து பழகினார். மூன்றாம் நாள், ஊரையும் பார்த்துவிடுவோம் என்று ஹவா மஹாலுக்குப் போனோம். 1799-ல் கட்டியது. வெளியிலிருந்து பார்த்தால் தேன்கூடு மாதிரி 953 சின்னச் சின்ன ஜன்னல்கள். ஐந்து மாடி என்றதும் எனக்குக் கவலையாகிவிட்டது. உள்ளே போனால், மேலே ஏற வழக்கமான படிக்கட்டுக்குப் பதில் சரிவுப் பாதை! பல்லக்குகள் ஏறுவதற்காக அப்படிக் கட்டினார்கள் என்று சொல்கிறார்கள்.

யாருக்காகக் கட்டினார்களோ, சித்தப்பா ஒரு கையில் ஊன்றுகோலும் இன்னொரு கையில் பேத்தியின் தோளுமாக ஏறினார். இரண்டாவது மாடியில் ஜன்னல் வழியாகக் கடைத்தெருவைப் பார்த்தபடி கொஞ்ச நேரம் நின்றார். கீழே வந்து மண் குவளையில் லஸ்ஸி குடித்தோம். காசை அவரே கொடுத்தார்.

நீங்களும் தேடுகிறீர்களா?

எங்களைப் போல அலைகிறவர்களுக்கு, நாங்கள் கற்றுக்கொண்டதைச் சொல்கிறேன்.

முதலில் உங்கள் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் கேளுங்கள். செயற்கைக் கால், மூன்று சக்கர வண்டி, காதுக் கருவி போன்றவற்றுக்கு மாநில அரசின் திட்டங்கள் இருக்கின்றன. மத்திய அரசுக்கும் 'அடிப்' என்ற உதவி உபகரணத் திட்டம் உண்டு. இவற்றுக்கெல்லாம் தேசிய அடையாள அட்டையான யு.டி.ஐ.டி. கைகொடுக்கும். அதை முதலில் வாங்கிவிடுங்கள்.

ஜெய்ப்பூர் வரை எல்லோரும் போக வேண்டியதில்லை. ஜெய்ப்பூர் கால் பொருத்தும் அறக்கட்டளைகள் சென்னையிலும் உண்டு. ரோட்டரி, லயன்ஸ் சங்கங்களிடமும் விசாரியுங்கள்.

பெரிய நிறுவனங்கள் தங்கள் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும் என்பது 2013-ம் ஆண்டு கம்பெனிச் சட்டம். ஆனால் அந்தப் பணம் பெரும்பாலும் பதிவு பெற்ற தொண்டு நிறுவனங்கள் வழியாகத்தான் வரும். அதனால், கம்பெனிக்கு நேராகக் கடிதம் எழுதுவதைவிட, அந்த நிதி வாங்கும் ஒரு தொண்டு நிறுவனத்தை அணுகுவது சுலபம்.

எங்கே வாங்கினாலும் மூன்று கேள்விகளைக் கூச்சப்படாமல் கேளுங்கள். என் அளவுக்குச் செய்வீர்களா? உரசினால் திருத்தித் தருவீர்களா? தேய்ந்துபோனால் யாரிடம் வர வேண்டும்? இலவசமாகக் கிடைக்கிறது என்பதற்காகக் கேள்வி கேட்கும் உரிமை போய்விடாது.

டிக்கெட் யார் எடுப்பது?

திரும்பி வரும் ரயிலில் சித்தப்பா கணக்குப் போட்டுக்கொண்டே வந்தார்.

"கால் இலவசம், சோறு இலவசம், தங்க இடம் இலவசம். ஆனா இங்க வந்து சேர டிக்கெட் எடுக்கணும். பாஷை பேச ஆள் வேணும். கூட வர்ற ஆளுக்கு நாலைஞ்சு நாள் கூலி போகும். எனக்கு நீ இருந்தே, பாப்பா இருந்துச்சு. ஒண்ணும் இல்லாதவன் என்னம்மா செய்வான்?"

என்னிடம் பதில் இல்லை.

தை மாதம் அறுவடை முடிந்ததும் போன் செய்தார். பக்கத்து ஊரில் கரும்பாலையில் கால் போன பையன் ஒருவன் இருக்கிறானாம். போக வர டிக்கெட்டுக்குப் பணத்தைச் சித்தப்பாவே எடுத்து வைத்துவிட்டாராம்.

"அன்னிக்குக் கை நீட்ட மாட்டேன்னு சொன்னேன்ல? இப்ப நீட்டுறேன், குடுக்கறதுக்கு. பாப்பாகிட்ட சொல்லிடு, அவனுக்கும் ஹிந்தியில பேசணும்னு."

"நீங்களும் கூடப் போறீங்களா சித்தப்பா?" என்று கேட்டேன்.

"போகாம? அந்த ரெண்டாவது மாடியோட திரும்பிட்டோம்ல, மிச்சத்தையும் ஏறிப் பார்க்கணும்" என்றார். பின்னால் வரப்பில் தண்ணீர் ஓடும் சத்தம் கேட்டது. அவர் வயலில் நின்றுதான் பேசிக்கொண்டிருந்தார்.