கோப்பின் ஓரத்தில் ஒரு குறிப்பு

லண்டனில் குடிவரவு வழக்குகளோடு இருபத்தைந்து வருடம் ஓட்டியவன் நான். என்னைத் தேடி வந்தவர்களில் பெரும்பாலோர் எங்கட சனம்தான். 2016 கடைசியில், அறுபது கடந்த ஒரு ஜமேக்காப் பெண்மணி வந்தார். ஆளடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

பாடசாலைச் சமையலறை ஒன்றில் நெடுங்காலம் வேலை செய்தவர். ஒப்பந்தம் வேறு நிறுவனத்துக்குக் கைமாறியதும் புதிய முதலாளி எல்லோருடைய ஆவணங்களையும் கேட்டார். இவரிடம் கடவுச்சீட்டு இல்லை. வேலை போனது.

"எப்போது இங்கே வந்தீர்கள்?"

"1961. எனக்கு ஏழு வயது. பெரியம்மாவின் கடவுச்சீட்டில் என் பெயரும் இருந்தது."

"இத்தனை வருடமும் ஏன் சொந்தமாக ஒன்று எடுக்கவில்லை?"

"எங்கே போவதற்கு?"

கோப்பின் ஓரத்தில் பென்சிலால் எழுதினேன்: 'நம்பலாமா?'

அவர் பக்கம் சட்டத்தில் ஒரு குறையும் இல்லை. 1948இன் பிரித்தானியத் தேசியச் சட்டம், லண்டனில் பிறந்தவரையும் கிங்ஸ்டனில் பிறந்தவரையும் ஒரே குடியுரிமைக்குள் வைத்தது. யுத்தத்தில் இடிந்த நாட்டுக்கு ஆள் தேவைப்பட்ட காலம். கரீபியத் தீவுகளிலிருந்து ஆட்களை ஏற்றிய 'எம்பயர் விண்ட்ரஷ்' கப்பல் டில்பரிக்கு வந்ததும் அதே வருடம்தான். 1962 ஓகஸ்ட் 6இல் ஜமேக்கா சுதந்திரமடைந்தது. லண்டனில் விளையாடிக்கொண்டிருந்த ஒரு சிறுமியின் குடியுரிமை, அவளுக்குத் தெரியாமலே மாறிப்போனது. ஆனாலும் 1971இன் குடிவரவுச் சட்டம், 1973 ஜனவரி 1இல் இங்கே நிலைகொண்டிருந்தவர்களுக்குக் காலவரையற்ற வதிவுரிமையைத் தந்தது. உரிமையைத் தந்ததே தவிர, அதற்கென்று ஒரு கடதாசியும் தரவில்லை.

2014, 2016 சட்டங்களுக்குப் பிறகு முதலாளி மட்டுமல்ல, வீட்டுச் சொந்தக்காரர், வங்கி எல்லோரும் குடிவரவு அதிகாரியின் வேலையைப் பார்க்கவேண்டி வந்தது. கப்பலில் வந்து இறங்கியவர்களின் வருகை அட்டைகளையோ அரசு 2010இலேயே அழித்துவிட்டது. இப்படிப்பட்ட வழக்குகளுக்கு இருந்த சட்ட உதவிப் பணமும் 2013 ஏப்ரலோடு நின்றது. அரை மனதோடு, காசு வாங்காமல் வழக்கை எடுத்தேன்.

உள்துறை அமைச்சில் ஒவ்வொரு வருடத்துக்கும் சான்று கேட்டார்கள். 1970இலிருந்து தேசியக் காப்புறுதிப் பதிவு இருந்தது. அதற்கு முந்தியதைத் தேடி உள்ளூர் ஆவணக் காப்பகத்துக்குப் போனேன். எப்போதோ மூடப்பட்ட ஒரு பள்ளிக்கூடத்தின் சேர்வு இடாப்பில் அவர் பெயர் இருந்தது. பிள்ளைகளைப் பெற்று வீட்டிலிருந்த ஐந்து வருடத்துக்குத்தான் ஒன்றுமில்லை. தடுப்பூசி அட்டை, தேவாலயத்து ஞானஸ்நானப் பதிவு என்று ஒவ்வொன்றாகப் பொறுக்கினேன்.

ஒரு நாள் இரவு சாப்பாட்டு மேசையில் அந்தக் கடதாசிகளை அடுக்கிக்கொண்டிருந்தேன். எண்பத்தாறு வயது அப்பா எட்டிப் பார்த்தார்.

"காப்பிலியின்ர வழக்கோ? காசு தருவாளோ?"

அரபு வணிகரிடமிருந்து போர்த்துக்கேயர் எடுத்து, ஆபிரிக்கப் படையாட்களோடு இலங்கைக்குக் கொண்டுவந்த சொல் அது. அந்த ஆட்களின் சந்ததி புத்தளம் பக்கம் இன்னும் இருக்கிறது. யாழ்ப்பாணத்தில் எங்களுக்கு மிஞ்சியது சொல் மட்டும். அதையும் பெட்டியில் வைத்து லண்டனுக்குக் கொண்டுவந்துவிட்டோம்.

அப்பா காப்புறுதிப் பதிவைக் கையிலெடுத்து, கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு பார்த்தார்.

"இது செக்றோல் எல்லோ?"

1950 அளவில் அவர் அட்டன் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்துக் கந்தோரில் கிளாக்கர். 1948இல் இலங்கையும் ஒரு பிரசாவுரிமைச் சட்டம் செய்தது. இங்கே கதவு திறந்த அதே வருடம் அங்கே மலையகத் தமிழருக்கு அது மூடியது. அடுத்த வருடம் வந்த சட்டத்தில் ஒரு சின்ன வழி விட்டார்கள். 1946 ஜனவரி 1க்கு முன்னால் தொடர்ந்து பத்து வருடம், மணமானவரென்றால் ஏழு வருடம், நாட்டில் வசித்ததாக நிரூபிக்க வேண்டும்.

"கன மனுக்கள் திரும்பி வந்தது. பேரில ஒரு எழுத்து மாறினாலும் தட்டிப்போடுவாங்கள். ஆர் எந்த நாள் வேலைக்கு வந்தது எண்டு காட்டுற செக்றோல் என்ர அலுமாரியிலதான் கிடந்தது. ஒருத்தரும் கேக்கேல்ல. நானும் எடுத்துக் குடுக்கேல்ல."

"ஏனப்பா?"

"தோட்டக்காட்டான்தானே எண்டு விட்டன்."

காப்புறுதிப் பதிவை மேசையில் வைத்துவிட்டுப் படுக்கப் போனார்.

நாங்கள் அனுப்பிய விண்ணப்பம் மாதக்கணக்காக அசையவில்லை. 2017 நவம்பரிலிருந்து பத்திரிகைகள் இப்படிப்பட்டவர்களின் கதைகளைத் தொடர்ந்து எழுதின. அந்தக் கொந்தளிப்பில் 2018 ஏப்ரலில் உள்துறைச் செயலர் அம்பர் ரட் பதவி விலகினார். அதற்குப் பிறகு சில வாரங்களில் என் கட்சிக்காரருக்கு வதிவுரிமை அட்டை வந்துவிட்டது. கோப்பில் நான் புதிதாக ஒரு கடதாசியும் சேர்க்கவில்லை. அதே இடாப்பு, அதே தடுப்பூசி அட்டை. இடையில் அவருக்குப் போன சம்பளமும் ஏறிய வாடகைக் கடனும் வேறு கணக்கு. நட்டஈட்டுத் திட்டமே 2019 ஏப்ரலில்தான் வந்தது.

அப்பா திருந்திவிட்டார் என்று எழுதி முடிக்க எனக்கும் ஆசைதான். பஸ்ஸில் போகும்போது அந்தச் சொல் அவர் வாயிலிருந்து பிறகும் வந்தது. இந்த ஒருவரைப் பற்றிக் கேட்கும்போது மட்டும், "அந்த மனிசிக்குக் கடதாசி கிடைச்சுதே?" என்பார்.

கோப்பைக் கட்டும்போது பென்சில் குறிப்பு கண்ணில் பட்டது. பிறப்புச் சான்று இல்லாமல் வந்த எத்தனையோ தமிழ்ப் பொடியன்களுக்காகத் தீர்ப்பாயத்தில் நின்று வாதாடியிருக்கிறேன். வீட்டோடு கடதாசியும் எரிந்தது, கடதாசி இல்லாதவன் பொய்யன் அல்ல என்று. அவர்களுடைய கோப்பு ஒன்றின் ஓரத்திலும் நான் அப்படி எழுதியதில்லை.

ஆறு வருடம் வைத்திருந்து, வழக்கம்போல் கோப்பை அழிக்கக் கொடுத்தேன். அந்தத் தாளை மட்டும் உருவி எடுத்து என் மேசை இழுப்பறையில் வைத்திருக்கிறேன்.