படத்துல இருக்கறவ

எங்க அத்தைக்கு இந்த உலகத்துல மூணு படம்தான் உண்டு. ஒண்ணு ஆதார் அட்டையில. ஒண்ணு எங்கப்பா கல்யாணத்துல, கூட்டத்தோட கூட்டமா. மூணாவது எடுத்தது அவளுக்கே தெரியாது. அந்த மூணாவது படத்துக்குத்தான் நான் 12,000 ரூபாய் கட்டினேன்.

வைகுண்ட ஏகாதசிக்கு மறுநாள் விடியக்காலை. ஊரே வந்து மிதிச்சுப் போட்ட குப்பை. ராஜகோபுரத்துக்கு முன்னால குனிஞ்சு பெருக்கிக்கிட்டிருக்கா அத்தை. பின்னால 1987ல கட்டி முடிச்ச 236 அடி உயரக் கோபுரம், பதிமூணு நிலையும் பனியில. நல்ல படம். கோபுரம் அண்ணாந்து நிக்குது, மனுஷி மடிஞ்சு நிக்கிறா. யாரோ செல்போன்ல அனுப்பினாங்க. பார்த்ததும் பதறிட்டேன். துப்புரவுத் தொழிலாளர் கூட்டத்துக்காக நாங்க போட்ட மலருக்கு அதையே அட்டையாக்கினேன். 500 பிரதி. யாரைக் கேக்கணும்? எங்க அத்தை படம்தானே.

நாலு மாசம் கழிச்சு வக்கீல் நோட்டீஸ் வந்தது. நாலு பக்கம் இங்கிலீஷ். படம் எடுத்தவர் அனுமதி இல்லாம அச்சிட்டது 1957ஆம் வருஷத்துப் பதிப்புரிமைச் சட்டப்படி குற்றம், 85,000 ரூபாய் நஷ்டஈடு கட்டு, இல்லாட்டி வழக்கு. தமிழ் எம்.ஏ. படிச்சவன் நான். ‘உரிமை ஆசிரியருக்கே’ன்னு எத்தனையோ புத்தகத்து முதல் பக்கத்துல படிச்சிருக்கேன். படத்துக்கும் ஆசிரியர் உண்டுன்னு அன்னைக்குத்தான் உறைச்சது.

பாலக்கரை டீக்கடையில வக்கீல் தோழர் சட்டத்தைப் பிரிச்சு வெச்சு விளக்கினார். படத்துக்கு ஆசிரியர் அதை எடுத்தவர். பதிவு செய்யணும்னு கட்டாயம் இல்ல, எடுத்த நிமிஷமே உரிமை வந்துடும். 2012 திருத்தத்துக்குப் பிறகு அவர் ஆயுசு முழுக்க, செத்த பிறகும் 60 வருஷம் அவர் வாரிசுக்கு. ஸ்டூடியோவுல காசு கொடுத்து எடுக்கச் சொன்னா, வேற ஒப்பந்தம் இல்லாத பட்சத்துல காசு கொடுத்தவருக்கு உரிமை.

‘சரி தோழர், படத்துல இருக்கறவங்களுக்கு?’

‘இந்தச் சட்டத்துல ஒண்ணும் இல்ல.’

எடுத்தவனுக்கு உண்டு, காசு கொடுத்தவனுக்கு உண்டு, குனிஞ்சவளுக்கு இல்ல.

விமர்சனத்துக்காக, நடப்புச் செய்திக்காகப் பயன்படுத்தலாம்னு 52ஆம் பிரிவு இருக்கே, நாங்க லாபத்துக்கா போட்டோம்னு கேட்டேன். ‘நீங்க அந்தப் படத்தைப் பத்தி ஒரு வரி எழுதலியே. அட்டைக்கு அழகா இருக்குன்னுதானே போட்டீங்க’ன்னார். வாயடைச்சுப் போனேன். 63ஆம் பிரிவுல ஆறு மாசத்துல இருந்து மூணு வருஷம் வரை சிறை, 50,000த்துல இருந்து ரெண்டு லட்சம் வரை அபராதம். வியாபார லாபம் இல்லாட்டிக் கோர்ட்டு காரணத்தை எழுதிக் குறைக்கலாம். ஆனா அதுக்குக் கோர்ட்டு படி ஏறணும். ‘முதல்ல அவர்கிட்ட அசல் படத்தைக் காட்டச் சொல்லுங்க. இந்தப் படத்தைப் பத்திரிகைக்கு என்ன விலைக்குக் குடுப்பார்னு கேளுங்க. பேசி முடிக்கற தொகை அதுல இருந்துதான் தொடங்கணும்’னார்.

ஒன்னாம் நம்பர் பஸ் ஏறி ஸ்ரீரங்கம் போனோம். படம் எடுத்தவர் வீடு சித்திரை வீதியில. அந்த வீதியில எங்க ஆளுங்க காலங்காலமா வாசல் வரைக்கும்தான் போயிருக்காங்க. அவர் உள்ள கூப்பிட்டு நாற்காலி போட்டார். கெட்ட மனுஷன்னு சொல்ல மாட்டேன். கம்ப்யூட்டர்ல அசல் படத்தைக் காட்டினார், எடுத்த தேதி, நேரத்தோட.

‘ராத்திரி மூணு மணிக்கு எந்திரிச்சுப் போய்க் காத்துக் கெடந்தேன் சார். என் உழைப்பு’ன்னார்.

அத்தையும் அன்னைக்கு மூணு மணிக்குத்தான் எந்திரிச்சா. நான் சொன்னேன். அவர் பேசாம இருந்தார்.

85,000, கடைசியில 12,000 ஆச்சு. மூணு தவணை. எழுதி வாங்கினோம்: இதோட எல்லாம் தீர்ந்தது, மேற்கொண்டு எந்தக் கோரிக்கையும் இல்ல, கையில மிச்சமிருக்கற 140 பிரதியில அவர் பேர் போட்ட சீட்டு ஒட்டிக் கொடுக்கலாம். நான் இன்னொண்ணு கேட்டேன். அவர் அந்தப் படத்துக்கு வெச்சிருந்த தலைப்பு ‘ஸ்ரீரங்கத்து விடியல்’. அதுல கோபுரம் இருக்கு, ஊர் இருக்கு, அவ இல்ல. ‘இனிமே எங்க போட்டாலும் எங்க அத்தை பேரையும் போடுங்க.’ உடனே சம்மதிச்சார்.

பஸ்ஸுல வரும்போது ஏதோ ஜெயிச்சுட்ட மாதிரி இருந்தது. மெட்ராஸ் மியூசியத்துக்கு அதிகாரியா இருந்த எட்கர் தர்ஸ்டன் 1909ல ஏழு தொகுதி போட்டார், தென்னிந்தியச் சாதிகள், பழங்குடிகளைப் பத்தி. மூக்கையும் மண்டையையும் அளந்தவர். அதுல இருக்கற பெரும்பாலான படங்களுக்கு அடியில சாதிப் பேர்தான் இருக்கு, ஆள் பேர் இல்ல. நம்ம பாட்டன் பூட்டன் பேரில்லாமத்தான் அச்சாகியிருக்கான். அதை நான் இங்க மாத்திட்டேன்னு நினைச்சேன்.

ராத்திரி அத்தைகிட்டப் போய்ச் சொன்னேன். மலரைக் கையில வாங்கி ரொம்ப நேரம் பாத்தா.

‘பேரெல்லாம் வேணாம் மருமவனே.’

‘ஏன் அத்த?’

‘ஒப்பந்த வேலை. பேரு வந்தா சூப்ரவைசர் கேப்பான், யாரைக் கேட்டுப் படத்துக்கு நின்னேன்னு. நான் எங்க நின்னேன்? குனிஞ்சில்ல கெடக்கேன்.’ மறுபடி படத்தைப் பாத்தா. ‘எம்மூஞ்சி தெரியல. சீலை வெலகிக் கெடக்கு. இதைத்தான் ஐநூறு பேருக்குக் குடுத்தியா? அந்த ஆளுதான் கேக்கல. நீ கேட்டியா?’

நான் தலை கவிழ்ந்தேன்.

‘அந்தப் பன்னெண்டாயிரத்துல எனக்கு எவ்வளவு?’

சிரிச்சுக்கிட்டேதான் கேட்டா. எனக்குச் சிரிப்பு வரல.

மறுநாள் போன் பண்ணி, பேர் வேண்டாம்னு சொன்னேன். 140 பிரதியையும் வெளியில விடல. அட்டையைக் கிழிச்சுட்டு வெறும் காகிதம் ஒட்டித்தான் கொடுத்தோம். பணம் கட்டினது பத்தி இப்ப வருத்தம் இல்ல. உழைச்சவன் கூலி கேட்டான், கொடுத்தாச்சு. ஆனா அந்த ஒப்பந்தத் தாள்ல ரெண்டு ஆம்பளைங்க கையெழுத்துதான் இருக்கு. கையெழுத்து வாங்க வேண்டியவகிட்ட யாரும் போகல. அவளுக்காகப் பேசறதா சொல்லிக்கிட்டுத் திரியற நானும் போகல.

தோழர்களே, நாம போட்ட மலர்கள், துண்டறிக்கைகள், சுவரொட்டிகளை ஒரு தடவை புரட்டிப் பாருங்க. சாக்கடையில இறங்கின உடம்பு, எரிஞ்ச குடிசை முன்னால அழுத முகம், பிணத்து மேல விழுந்த தாய். எத்தனை பேரைக் கேட்டுப் போட்டோம்? அவங்க பேசறதுக்குச் சட்டத்துல இடம் இல்லேங்கறது சட்டத்தோட கோளாறு. நம்ம பத்திரிகையிலயும் இடம் இல்லேன்னா அது நம்ம கோளாறு.

இதுலயும் அத்தை பேரைப் போடல. இந்தக் கட்டுரையை முழுக்கப் படிச்சுக் காட்டினேன். ‘இது போடலாம், படம் வேணாம்’னு சொல்லிட்டா.