படுதாவில் ஒரு ஜன்னல்

தேனி மாவட்டத்திலிருந்து இடுக்கியின் ஏலத்தோட்டங்களுக்கு விடியலில் மலையேறும் ஜீப்புகளில் டிரைவருக்கு முன்னால் கண்ணாடி இருக்கிறது. பின்னால் எதிரெதிர் சீட்டில் முழங்கால் இடிக்க உட்கார்ந்து போகும் பெண்களுக்குப் படுதாவில் தைத்த பிளாஸ்டிக் ஜன்னல்தான். சில வண்டிகளில் அதுவும் கிடையாது. அந்த ஜன்னலுக்கு எந்த ஷீட்டைப் போடுகிறார்கள், எதைப் பார்த்துத் தேர்ந்தெடுக்கிறார்கள் என்று தெரிந்துகொள்ள, போடிநாயக்கனூரில் ஒரு குஷன் கடைக்குப் போனேன்.

சீட், ரெக்சின், ஆட்டோ டாப்பு, ஜீப் படுதா எல்லாம் தைக்கிற கடை. தரையில் ஒரு பழைய படுதா விரித்துக் கிடந்தது. அதன் ஜன்னல் பழுத்து மஞ்சளாகி, மடிப்பு விழுந்த இடமெல்லாம் வெளுத்து விரிசல் விட்டிருந்தது.

“வெயில்தானேண்ணே?” என்றேன்.

“வெயில் பாதி, மடிப்பு பாதி தம்பி. சுருட்டி வைங்கன்னா கேக்க மாட்டாங்க. நாலா மடிச்சுக் கயித்தப் போட்டு இறுக்குவாங்க. காஞ்சு போன ஷீட்டு மடிச்ச எடத்துல ஒடையாம என்ன செய்யும்?”

இந்த ஷீட் பிவிசி என்ற பிளாஸ்டிக். அது இயல்பிலேயே விறைப்பான பொருள். 1926-ல் அமெரிக்க வேதியியலாளர் வால்டோ செமன் அதில் நெகிழ்த்தும் திரவத்தைச் சேர்த்து வளைய வைத்தார். அந்தத் திரவம் வெயிலிலும் சூட்டிலும் கொஞ்சம் கொஞ்சமாக வெளியேறுகிறது. பிளாஸ்டிக்கில் இருக்கும் குளோரின் அமிலமாகப் பிரியப் பிரிய நிறம் மஞ்சளாகிறது. குளிர் பட்டாலோ ஷீட் மறுபடி விறைக்கும். பகலில் பள்ளத்தாக்கின் வெயில், மார்கழி விடியலில் போடிமெட்டின் குளிர். 17 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறி இறங்கும் ஒரு படுதா இந்த இரண்டையும் ஒரே நாளில் தாங்கியாக வேண்டும்.

ஜீப்போடு வந்திருந்த இளைஞர், பாலிகார்பனேட் போட்டால் உடையாதே என்று கேட்டார். உடையாது என்பது உண்மைதான். ஹெல்மெட்டின் முன்மறைப்பும் அதில்தான் செய்கிறார்கள். ஆனால் சுருட்ட முடியாது, எளிதில் கீறல் விழும், தின்னர் பட்டால் வெடிப்பு விடும். அக்ரிலிக் வெயிலை நன்றாகத் தாங்கும், ஆனால் உடைந்தால் கூர்மையான துண்டுகளாகும். பாய்மரப் படகுகளின் அறைகளில் அசையாத ஜன்னலுக்குத் தடித்த அக்ரிலிக் போடுவதுண்டு. வெப்பம் 30 டிகிரி கூடினால் ஒரு மீட்டர் அக்ரிலிக் 2 மில்லிமீட்டர் நீளும் என்பதால் திருகுத் துளையைப் பெரிதாகவே போடுவார்கள். மடங்கவும் சுருளவும் வேண்டிய இடத்தில் அங்கேயும் வளையும் ஷீட்தான். டோக்கியோ ஒலிம்பிக்கில் சென்னையைச் சேர்ந்த நேத்ரா குமணன் ஓட்டிய லேசர் ரேடியல் படகின் பாயிலும், மறுபக்கம் வரும் படகைப் பார்க்க ஒரு பிளாஸ்டிக் ஜன்னல் உண்டு. அந்தப் பாயையும் மடிக்காமல் சுருட்டித்தான் வைக்கிறார்கள்.

கடைக்காரர் இரண்டு ஷீட்டுகளை உருவிப் போட்டார். ஒன்று 0.3 மில்லிமீட்டர், ஆட்டோவுக்குப் போவது. மற்றது அரை மில்லிமீட்டர், விலை கூடுதல். கையில் வாங்கிப் பார்த்தால் இரண்டும் ஒரே தெளிவு. அவர் ஒவ்வொன்றையும் கை நீட்டிப் பிடித்து, அதன் வழியே தெருவில் போகும் மின்கம்பியைப் பார்த்தபடி மெல்லச் சாய்த்தார். மெல்லிய ஷீட்டில் கம்பி நெளிந்தது. அரை மில்லியில் நேராகவே நின்றது. “நெளியிற ஷீட்டு வழியா வளைவுல வெளிய பாத்தா வாந்திதான் வரும்” என்றார். ஷீட்டைத் தொட்டுப் பார்த்து வாங்குகிறவர்களுக்கு இது தெரிய வழியில்லை.

நல்ல ஷீட்டையும் தையல் கெடுத்துவிடும். துணியில் துளை விழுந்தால் இழைகள் விலகி இடம் கொடுக்கும். பிளாஸ்டிக்கில் விழுந்த துளை அப்படியே நிற்கும். நெருக்கித் தைத்தால் தபால்தலைத் தாள் மாதிரி தையல் வழியே கிழிந்து வரும். அதனால் தையலை நீளமாக வைக்கிறார். ஓரத்தில் ரெக்சின் பட்டை கொடுத்து, அதையும் ஷீட்டையும் சேர்த்து இரட்டைத் தையல். நூல் பாலியஸ்டர், பருத்தி நூல் மழையில் இற்றுப்போகும். மெஷினின் பாதம் ஷீட்டில் ஒட்டி இழுக்காமலிருக்க முகப்பவுடரைத் தூவுகிறார். ஒரு தடவை ஊசி தப்பினால் பிரித்துத் தைக்க முடியாது, அந்தத் துண்டே வீண். அவர் அவசரப்பட்டு நான் பார்க்கவில்லை. இந்த வேலைக்குக் கூலி இன்னும் கூட வேண்டும் என்பது என் எண்ணம்.

இளைஞருக்குச் செலவு கட்டுப்படியாகவில்லை. “ஜன்னலே வேணாம்ணே, முழுசா தார்ப்பாய் அடிச்சிருங்க. மழை வராம இருந்தாப் போதும்ல?”

பதில் கடைக்குள்ளிருந்து வந்தது. பட்டைகளுக்கு ஓரம் மடித்துக்கொண்டிருந்த அக்கா பல வருடம் ஏலக்காய் எடுக்கப் போனவர். “நீ ஒரு நாள் பின்னால உக்காந்து போய்ப் பாரு தம்பி. சன்னல் இல்லாத வண்டியில வளைவு வாறதே தெரியாது. எந்தப் பக்கம் சாயும், எதப் புடிக்கணும்னு ஒண்ணும் தெரியாது. ஒருத்தி மேல ஒருத்தி விழுவோம்.”

மலைச்சாலையில் தோட்டத் தொழிலாளர்களின் ஜீப் கவிழ்ந்த செய்திகள் இந்த மாவட்டத்துக்குப் புதியவை அல்ல. அளவுக்கு மேல் ஆள் ஏற்றுவதைப் பற்றிப் பேசுகிறோம், பேசவும் வேண்டும். உள்ளே இருப்பவர்களுக்கு வெளியே தெரிகிறதா என்பதையும் அதோடு சேர்த்துக் கேட்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. ஷீட்டுக்குப் பணம் கொடுப்பவர் ஒருவர், அதன் வழியே பார்ப்பவர் வேறொருவர். அதனால்தான் மெல்லியதே போதும் என்றும், ஒன்றுமே வேண்டாம் என்றும் முடிவாகிறது.

இளைஞர் கொஞ்ச நேரம் பேசாமல் நின்றார். பிறகு, “அரை மில்லியே போடுங்கண்ணே” என்றார்.

கடைக்காரர் அக்காவை ஜீப்பின் பின்சீட்டில் உட்காரச் சொன்னார். அவருடைய கண் மட்டத்தில் படுதாவின் உள்பக்கம் சாக்பீஸால் கோடு போட்டார். பழைய ஜன்னலின் கீழ்விளிம்பே அந்தக் கோட்டுக்கு நாலு விரல் மேலே இருந்தது. இத்தனை நாள் அதன் வழியே வானம் மட்டும்தான் தெரிந்திருக்கும். புது ஜன்னலைக் கீழே இறக்கி, நீளத்தையும் கூட்டிக் குறித்துக்கொண்டார்.

“பட்டன வெளிய மட்டும் வைக்காதீங்கண்ணே” என்றார் அக்கா, இறங்கிக்கொண்டே. “உள்ள இருந்தும் கழட்டுற மாதிரி வைங்க.”

அதையும் குறித்துக்கொண்டார்.