பன்னிக்கறியும் சாத்துன கதவும்

டிஸ்கி: சைவ மக்கள் மன்னிக்கவும். சமையல் குறிப்பு பின்பாதியில வருது. அதுக்கு முன்னாடி ஒரு பாவமன்னிப்பு இருக்கு. அதைத் தாண்டித்தான் குழம்புக்குப் போக முடியும் :-)

போன வருஷம் ஒரு திங்கட்கிழமை. விழுப்புரத்துல எங்க காலேஜ் கேன்டீன் பின்னாடி வேப்பமரத்தடியில ஆறு பேர் வட்டமா உட்கார்ந்து டப்பாவைத் திறப்போம். யார் டப்பாவுல யார் கை போகுதுன்னு கேள்வியே கிடையாது. பி.காம் பசங்க கணக்கு வெச்சுக்காத ஒரே இடம் அதுதான்.

அன்னிக்கு என் டப்பாவுல முந்தின நாள் செஞ்ச பன்னிக்கறி. பக்கத்துல இருந்த செஞ்சிக்காரன் கையை நீட்டினான். நான் டக்குனு மூடிட்டேன். "கெட்டுப்போச்சு மச்சி, வாடை வருது"ன்னு சொல்லிட்டு எழுந்து போய் குப்பைத்தொட்டியில கொட்டிட்டேன். காலையில அஞ்சு மணிக்கு எழுந்து அம்மா சுண்ட வறுத்து கட்டிக் கொடுத்தது. சாயங்காலம் திண்டிவனம் வந்து சேர்ந்ததும் "கறி நல்லா இருந்துச்சா"ன்னு கேட்டாங்க. "சூப்பர்மா"ன்னேன்.

அதுக்கப்புறம் செஞ்சிக்காரன் என் டப்பாவுல கை வெக்கவே இல்லை. நானும் கேட்கலை.

ஏன் மூடினேன்? கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கிறேன்.

நான் அஞ்சாவது படிக்கிற வரைக்கும் நாங்க கிராமத்துல இருந்தோம். ஊர் ஒரு பக்கம், எங்க தெரு ஒரு பக்கம். புரியறவங்களுக்குப் புரியும். ஞாயித்துக்கிழமைன்னா வாசல்ல மூணு கல்லு வெச்சு அடுப்பு. பன்னிக்கறி வேகுற வாசம் தெரு முழுக்க வரும். யார் வீட்டுல இன்னிக்கு குழம்புன்னு கண்ணை மூடிக்கிட்டே சொல்லலாம். அப்புறம் அப்பாவுக்கு கொத்தனார் வேலை நல்லா கிடைக்க ஆரம்பிச்சதும் திண்டிவனத்துல வாடகை வீடு பார்த்தோம். வீட்டுக்காரர் முதல்ல கேட்டது அட்வான்ஸ் பத்தி இல்லை. "நீங்க என்ன சாப்பிடுவீங்க?" அது சாப்பாட்டைப் பத்தின கேள்வி இல்லைன்னு எனக்கு அப்பவே தெரிஞ்சுது. அப்பா "ஆடு, கோழிங்க"ன்னார்.

அன்னையிலேருந்து எங்க வீட்ல பன்னிக்கறி வேகுற நாள்ல கதவு சாத்தியிருக்கும். கறி கருப்பு கவர்ல வரும், கவர் துணிப்பைக்குள்ள வரும். ஜன்னல் சாத்தி, ஊதுபத்தி ஏத்தி, குக்கர் விசில் சத்தத்துக்கு டிவி சத்தத்தைக் கூட்டி... ஏதோ திருட்டு வேலை மாதிரி. பக்கத்து வீட்டு அக்கா "இன்னா குழம்பு?"ன்னு கேட்டா "மட்டன்". ஆட்டுக்கறி விலையில பாதிகூட இல்லாத கறிக்கு ஆட்டுக்கறி பேரு. அக்கவுண்டன்சி பாஷையில இதுக்கு விண்டோ டிரெஸ்ஸிங்னு பேரு :-) எங்க வீட்ல நெசமாவே விண்டோவைச் சாத்தித்தான் பண்ணோம்.

சரி, விஷயத்துக்கு வர்றேன். ஆறு மாசம் முன்னாடி அதே ஆறு பேரும் பாண்டிச்சேரி போனோம். வெள்ளைத் துணி விரிச்ச மேசை, கண்ணாடி கிளாஸ் வெச்ச ஒரு ஓட்டல். மெனு கார்டுல 'போர்க் சாப்ஸ்'. விலையைப் பார்த்தா எங்க வீட்ல மூணு ஞாயித்துக்கிழமை ஓடும். ஆர்டர் பண்ற தைரியம் யாருக்கும் இல்லை, ஆனா நம்ம பசங்க மெனுவை போட்டோ எடுத்துக்கிட்டாங்க. "செம ஹைஃபைடா"ன்னான் ஒருத்தன். நான் தண்ணி குடிச்சேன். அதே பன்னி. கருப்பு கவர்ல வந்தா அசிங்கம், வெள்ளைத் தட்டுல வந்தா ஹைஃபை. பொருள் மாறலை, கவர்தான் மாறியிருக்கு.

வீட்டுக்கு வந்து போர்க் சாப்ஸ் எப்படிப் பண்றாங்கன்னு தேடினப்போ கண்ணுல பட்டதுதான் 'ஸ்மதர்ட் போர்க் சாப்ஸ்'. அமெரிக்கக் கறுப்பின மக்களோட சமையல். மொத்தமா சோல் ஃபுட்னு சொல்றாங்க. ஆன்மாவோட சாப்பாடு. இந்தப் பேரு பிரபலமானது 1960கள்ல, அவங்க உரிமைக்காகத் தெருவுல இறங்கின காலத்துல. சாப்பாடு அதைவிட ரொம்பப் பழசு. 1865ல சட்டப்படி அடிமை முறை ஒழியறதுக்கு முன்னாடி, தெற்குப் பண்ணைகள்ல அடிமைகளுக்கு வாராவாரம் அளந்து கொடுத்தது சோள மாவும் உப்புல ஊறின பன்னிக்கறியும். நல்ல துண்டெல்லாம் முதலாளி மேசைக்கு. காலு, காது, குடல் மாதிரி மிச்சம் இவங்களுக்கு. காஸ்ட் அக்கவுண்டிங்ல பை-ப்ராடக்ட்னு ஒரு பாடம் வருமே, ஞாபகம் இருக்கா? அந்த பை-ப்ராடக்ட்லயே ஒரு சமையலை உருவாக்கியிருக்காங்க. சாப்ஸ் முதுகுப்பக்கத்து நல்ல துண்டுதான். ஆனா அதைச் செய்யற விதம் அதே பழைய விதம். கெட்டிக் கறியையும் குழம்புல முக்கி, மூடி போட்டு, பொறுமையா இளக வைக்கிறது.

அதுல எனக்குப் பிடிச்ச கதை சில்வியா வுட்ஸ். தெற்கு கரோலினாவிலேருந்து நியூயார்க் வந்தவங்க. ஹார்லெம்ல ஒரு சின்ன சாப்பாட்டுக் கடையில பரிமாறுற வேலை பார்த்தாங்க. 1962ல அதே கடையை விலைக்கு வாங்கினாங்க. அவங்க அம்மா ஊர்ல இருந்த நிலத்தை அடமானம் வெச்சுப் பணம் புரட்டிக் கொடுத்தாங்க. கடைக்கு சில்வியாஸ்னு சொந்தப் பேரையே வெச்சாங்க. 2012ல அவங்க இறந்தப்போ சோல் ஃபுட் ராணின்னு ஊரே சொல்லுச்சு. அவங்க தன் சமையலைத் தெருவைப் பார்த்துத் திறந்து வெச்சாங்க. நாங்க ஊதுபத்தி ஏத்தினோம்.

இதைப் படிச்சப்போ எனக்கு முதல் வருஷ தமிழ் வகுப்பு ஞாபகம் வந்துச்சு. தமிழ் ஐயா சிறுபாணாற்றுப்படை நடத்தும்போது "திண்டிவனத்துக்காரன் யார்றா?"ன்னு கேட்டார். தூங்கிட்டு இருந்த நான் எழுந்து நின்னேன். அந்தப் பாட்டோட தலைவன் ஓய்மாநாட்டு நல்லியக்கோடன். அவனோட கிடங்கில்தான் இன்னிக்குத் திண்டிவனத்துல இருக்குற கிடங்கல்னு சொன்னார். அதுல ஒரு ஏழைப் பாணன் வீடு வருது. கூரை சரிஞ்ச அடுப்படி. அந்த வீட்டுப் பொம்பளை குப்பையில முளைச்ச கீரையைக் கிள்ளிட்டு வந்து உப்புகூட இல்லாம வேக வெக்கிறா. அறிவில்லாத ஜனங்க பார்த்தா என்ன சொல்லுமோன்னு வெட்கப்பட்டு கதவைச் சாத்திட்டு, சுற்றத்தோட உட்கார்ந்து சாப்பிடுறா. அவ சாத்தினது வறுமைக்காக. நாங்க சாத்தினது வேற காரணத்துக்காக. ஆனா கதவு அதே கதவுதான்.

ஐயா இன்னொண்ணும் சொன்னார். பெரும்பாணாற்றுப்படையில பன்னியைக் குழியில நிறுத்தி, நெல்லு இடிச்ச மாவு போட்டு, பல நாள் கொழுக்க வெச்சு, அந்தக் கறியை வழிப்போக்கனுக்குக் கள்ளோட கொடுக்குறாங்க. விருந்து சாப்பாடு! அதை எப்போ கருப்பு கவர்ல போட ஆரம்பிச்சோம்?

முடிவு பண்ணிட்டேன். செஞ்சிக்காரனுக்கு போன் போட்டு "ஞாயித்துக்கிழமை வீட்டுக்கு வா, பன்னிக்கறி பண்றேன்"னேன். ரெண்டு செகண்ட் சத்தம் இல்லை. "எனக்குப் பழக்கமில்லடா... வர்றேன்"னான்.

இனி சமையல். கறிக்கடை அண்ணன்கிட்ட முதுகுப்பக்கம் எலும்போட, ஒரு விரல் கனத்துக்கு ஆறு துண்டு கேட்டேன். "துண்டு போடாம எப்படிடா வேகும்?"னு திட்டிக்கிட்டே வெட்டினார். ஓரத்துக் கொழுப்புல நாலு இடத்துல கீறி விடணும், இல்லேன்னா வாணலியில சுருண்டுக்கும். உப்பு, ரெண்டு ஸ்பூன் மிளகுத்தூள், ஒரு ஸ்பூன் மிளகாய்த்தூள், பூண்டு விழுது தடவி அரை மணி நேரம். அப்புறம் மைதாவுல ரெண்டு பக்கமும் பிரட்டி உதறிட்டு, கொஞ்சம் எண்ணெயில ரெண்டு பக்கமும் சிவக்க வறுத்து எடுத்துக்கணும்.

"இன்னாத்துக்குடா கறியில மைதா? போஸ்டர் ஒட்டப் போறியா?" - அம்மா.

அதே எண்ணெயில மூணு பெரிய வெங்காயம், நீளமா நறுக்கினது, நல்லா பழுப்பாகிற வரைக்கும். மேல மூணு ஸ்பூன் மைதா தூவி, பச்சை வாசனை போய் வேர்க்கடலைத் தோல் நிறம் வர்ற வரைக்கும் கிளறணும். இந்தக் கலவைக்கு 'ரூ'ன்னு பேரு. ரூபாய் இல்லை :-) அதிகமா சிவந்தா வாசம் கூடும், கெட்டித்தன்மை குறையும். அப்புறம் மூணு டம்ளர் தண்ணி. இங்கதான் சொதப்பினேன். மொத்தத் தண்ணியையும் ஒரே ஊத்தா ஊத்தி, கொழுக்கட்டை சைஸுக்குக் கட்டி கட்டியா ஆயிடுச்சு. அம்மா வாணலியைப் பிடுங்கி, மத்தால கடைஞ்சு சரி பண்ணாங்க. கேட்காமலே ஒரு கொத்து கறிவேப்பிலையும் போட்டாங்க. ஹார்லெம் மன்னிக்கட்டும். கொஞ்சம் கொஞ்சமா ஊத்துங்க, அடியில ஒட்டினதைச் சுரண்டி விடுங்க. ருசியே அதுலதான். வறுத்த துண்டை உள்ள போட்டு, மூடி, சின்னத் தீயில முக்கால் மணியிலேருந்து ஒரு மணி நேரம். பன்னிக்கறி அரைவேக்காடா இருக்கவே கூடாது. எலும்புலேருந்து கறி தானா கழண்டா சரி. சுடுசோறுதான் ஜோடி, அங்கயும் பல வீட்ல அப்படித்தான்.

ஸ்மதர்னா மூச்சு முட்ட மூடுறதுன்னு அர்த்தம். இங்க குழம்பால மூடுறது. சட்டியை மூடிட்டு நான் திரும்பினப்போ, அம்மா பழக்கத்துல தெருக்கதவைச் சாத்தப் போயிட்டாங்க.

"இருக்கட்டும்மா."

"வீட்டுக்காரர் வருவாருடா."

"வரட்டும்மா. கேட்டா சொல்லலாம்."

அம்மா என்னையும் கதவையும் மாத்தி மாத்திப் பார்த்தாங்க. அப்பா பேப்பர்லேருந்து தலையைத் தூக்காம "விடு"ன்னார்.

அதுக்குள்ள செஞ்சிக்காரன் வந்துட்டான். திறந்திருந்ததால நேரா உள்ளயே வந்தான். அவனுக்கு அம்மா ரெண்டு முட்டை ஆம்லெட்டும் ரசமும். பாதி சாப்பாட்டுல அந்த டப்பா கதையைச் சொன்னேன். கெட்டுப் போகலைடா, பன்னிக்கறிடா, அதான் மூடினேன்னு. அவன் சோத்தைப் பிசையறதை நிறுத்திட்டான்.

"நான் கை வெக்க வந்ததாலதான் கொட்டிட்டேன்னு நெனச்சேன்டா."

எனக்குத் தொண்டையில சோறு இறங்கலை. நான் என் வெட்கத்தை மறைச்சதா நெனச்சுட்டு இருந்தேன். அவன் அதைத் தன் கைமேல எழுதி வெச்சுக்கிட்டு ஒரு வருஷம் சுத்தியிருக்கான். சாத்துன கதவுக்கு வெளியில நிக்கிறவன் என்ன நெனைப்பான்னு நான் யோசிச்சதே இல்லை.

வீட்டுக்காரர் அன்னிக்கு வரலை. வந்தா என்ன ஆகும்னு தெரியலை, வீடு மாத்த வேண்டியும் வரலாம். ஆனா திங்கட்கிழமை வேப்பமரத்தடியில டப்பாவைத் திறந்து முதல்ல சொன்னேன்: "இது பன்னிக்கறி. வேணுங்கிறவன் எடுத்துக்க." ரெண்டு பேர் எடுத்தாங்க. ஒருத்தன் தள்ளி உட்கார்ந்தான். செஞ்சிக்காரன் எடுக்கலை. ஆனா என் டப்பாவுல இருந்த வெண்டைக்காயை, கேட்காமலே, எடுத்தான்.