இறுகிய மரை

அம்மிணி, உன் துப்பாக்கியின் கீழ்க்குழல் வாயில் திருகி மாட்டும் சோக் இறுகிப் போச்சு, பிளையர் போட்டுத் திருகட்டுமா அப்புச்சி என்று கேட்டிருந்தாய். பிளையரைத் தொடாதே. நான் துப்பாக்கிக்காரன் இல்லை, கோவை கணபதியில் லேத்தோடு காலம் போனவன். ஆனால் மரையின் குணம் எங்கே இருந்தாலும் ஒன்றுதான், அது எனக்குத் தெரியும்.

போன தடவை நீ வந்தபோது அந்தச் சோக்கை வாங்கி அளந்து பார்த்தேன் அல்லவா? பன்னிரண்டு போர் குழலின் உள்விட்டம் ஏறக்குறைய 18.5 மில்லிமீட்டர். முழு சோக் அதை வாயருகே ஒரு மில்லிமீட்டர் அளவுக்குக் குறுக்குகிறது. அந்த ஒரு மில்லிமீட்டர்தான் ஈயக்குண்டுகளைச் சிதறவிடாமல் சேர்த்து அனுப்புகிறது. 40 கஜத்தில் 30 அங்குல வட்டத்துக்குள் நூற்றுக்கு எழுபது குண்டுகள் விழவேண்டும் என்பது அதன் கணக்கு. பாரிஸ் ஒலிம்பிக்கில் நம் புதுக்கோட்டை பிருத்விராஜ் தொண்டைமானும், நீ படம் ஒட்டி வைத்திருக்கும் ஸ்ரேயசி சிங்கும் ராஜேஸ்வரி குமாரியும் பறக்கும் தட்டைச் சுட்டார்களே, அவர்களும் இந்தக் கணக்கை நம்பித்தான் நின்றார்கள். இத்தனை நுட்பமாகக் கடைந்த பொருளைப் பல்லுள்ள இரும்பால் கவ்வலாமா?

அது ஏன் இறுகியது என்று முதலில் யோசி. சோக் குழலுக்குள் முழுதாக உட்காராமல் கொஞ்சம் தளர்ந்திருந்தால், சுடும்போது கிளம்பும் வாயு அதன் பின்விளிம்பு வழியாக மரைக்குள் புகுந்துவிடும். கரியும், தோட்டாவுக்குள் இருக்கும் பிளாஸ்டிக் கிண்ணத்தின் உருகிய துகளும் கூடவே போய்ப் படியும். சூட்டில் இளகியது ஆறினபின் பசையாக இறுகும். அப்படியே உறையில் போட்டு மாதக்கணக்கில் வைத்தால் துருவும் சேரும். ஆனி ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஈரக்காற்று வரும் ஊர் நம்முடையது. இங்கே இரும்பைச் சும்மா விட்டுவைக்க முடியாது.

கிணற்றுப் போர் பைப் கழற்றுவதைப் பார்த்திருக்கிறாய், அங்கும் இதே கதைதான். ஆயிரம் அடி போர் நம் பக்கம் அதிசயமில்லை. பழைய ஜி.ஐ. பைப் இறக்கும்போது மரையைத் துடைக்காமல், அவசரத்தில் ரிஞ்ச்சைப் போட்டு ஏறி மிதித்து இறுக்குவார்கள். அன்றைக்குத் தண்ணீர் வந்துவிடும், எல்லோருக்கும் சந்தோஷம். பல வருஷம் கழித்து மோட்டார் எரிந்து பைப்பை வெளியே எடுக்கும்போதுதான் வினை. கப்ளிங் கழலாது. ஆத்திரத்தில் முறுக்கினால், அரித்துப்போன மரை விட்டுக்கொடுத்து, பைப்பும் மோட்டாருமாகக் குழிக்குள் போய்விடும். அந்த முதல் நாளில் ஒரு துணியும் கொஞ்சம் கிரீஸும் கையில் இருந்திருந்தால் போதும். மாட்டுகிறவனே கழற்றப்போகிறவனையும் நினைக்க வேண்டும் என்று என் பட்டறைப் பையன்களுக்கு ஓயாமல் சொல்லியிருக்கிறேன். உனக்கும் அதையே சொல்கிறேன்.

இப்போது உன் சோக். தோட்டா இல்லை என்று இரண்டு தடவை பார்த்துவிட்டு, குழலைத் தனியாகக் கழற்றிக்கொள். ஒரு கண்ணாடிச் சாடியில் துரு இளக்கும் எண்ணெயை ஊற்றி, சோக் முழுவதும் மூழ்கும்படி குழலின் வாயைக் கீழே வைத்து நிறுத்து. மரை சோக்கின் உள்முனையில் இருக்கிறது, எண்ணெய் அதுவரைக்கும் ஏற வேண்டும். ஒரு ராத்திரி விட்டுவை, கழலாவிட்டால் இன்னொரு ராத்திரி. பிறகு எண்ணெயைத் துடைத்துவிட்டு, வாய்ப்பக்கத்துக்கு வெளியே வெந்நீர் ஊற்று. குழல் சற்று விரிந்து கொடுக்கும். நெருப்பு மட்டும் காட்டாதே. உன் இரண்டு குழல்களையும் இணைக்கும் பட்டை பற்றவைத்தது, சூடு மிஞ்சினால் அந்தப் பற்று விட்டுவிடும்.

அதன்பின் அந்தச் சோக்குக்கென்றே வந்த சாவியை அடிவரை செருகி, முதலில் இம்மியளவு இறுக்கு, பிறகு தளர்த்து, மறுபடி இறுக்கு. அசைவு தெரிந்த இடத்தில் மேலும் எண்ணெய் விடு. குழலை வைஸில் கவ்வ வேண்டாம். வாய்ப்பக்கம் சுவர் மெல்லிசு, அமுங்கி வட்டம் கெட்டால் துப்பாக்கியே கெட்டது. ஆள் ஒருவரைக் குழலில் தோல் சுற்றிப் பிடித்துக்கொள்ளச் சொல்.

உன் வயதில் கையில் பலம் இருக்கிறது, அதனால் கழலாத எதைக் கண்டாலும் பலத்தைத்தான் நினைக்கத் தோன்றும். மனிதர்களிடமும் அப்படித்தான். வருஷக்கணக்கில் பேசாமல் போன பங்காளிகளை ஒரே நாள் பஞ்சாயத்தில் சேர்க்கப் பார்த்து, இருந்த ஒட்டுறவையும் உடைத்த கதை நம் குடும்பத்திலேயே உண்டு. ஊறவிட்டிருக்கலாம். ஒரு கல்யாணம், ஒரு துக்கம், ஒரு காப்பி என்று கொஞ்சங்கொஞ்சமாக இளகியிருக்கும்.

கழன்றதும் சாவியை வைத்துவிட்டுப் போய்விடாதே. சோக்கின் மரையையும் குழலின் மரையையும் பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்துத் துடை. கிரீஸை மெல்லிசாகத் தடவு, அப்பினால் அதுவே கரியைப் பிடித்துவைக்கும். கையால் முழுதும் திருகி, சாவியால் கொஞ்சமாக இறுக்கு. போட்டியன்று ஒவ்வொரு இருபத்தைந்து தட்டு முடிந்ததும், துப்பாக்கி காலி என்று பார்த்துவிட்டு, தளர்ந்திருக்கிறதா என்று பார். வீடு வந்ததும் கழற்றித் துடைத்துத் திரும்ப மாட்டிவிடு. சோக் இல்லாமல் ஒரு தடவைகூடச் சுடாதே, திறந்து கிடக்கும் மரை நாசமாகிவிடும்.

இத்தனை செய்தும் அசையவில்லை என்றால் என் லேத்துக்கும் கொண்டுவராதே. துப்பாக்கியை ரிப்பேர் செய்ய 1959ஆம் வருஷத்து ஆயுதச் சட்டப்படி தனி லைசென்ஸ் வேண்டும், என்னிடம் அது இல்லை. லைசென்ஸ் உள்ள கடைக்காரரிடம் உன் லைசென்ஸையும் எடுத்துக்கொண்டு போ. எத்தனை ராத்திரி ஊறியது, எந்த எண்ணெய் விட்டாய், சாவி எந்தப் பக்கம் வழுக்கியது என்பதையெல்லாம் ஒளிக்காமல் சொல். அவர் அங்கிருந்துதான் தொடங்குவார்.