புண் ஆறினால் போதுமா?

பினாங்கின் சூலியா தெருவில், நாகூர் தர்காவைக் கடந்து ஓர் இளைஞன் நடந்தான். தை மாதத்தில் அவனுக்குத் திருமணம். மறைவிடத்தில் தோன்றிய சிறு புண்ணோ அவனை உறங்கவிடவில்லை. நண்பனைக் கேட்டான், "உடற்சூடு, இளநீர் குடி" என்றான் அவன். மருந்துக்கடை வாசல்வரை சென்றான். உள்ளே தெரிந்த முகமொன்றைக் கண்டு திரும்பினான். சில வாரங்களில் புண் தானே ஆறியது. அவன் மகிழ்ந்தான்.

அம்மகிழ்ச்சி பொய்யாகலாம். கிரந்தி நோயின் புண் வலியற்றது. 3 முதல் 6 வாரங்களில் மருந்தின்றியே மறையும். கிருமியோ உடலில் தங்கிவிடும். மனைவிக்கும், கருவிலுள்ள குழந்தைக்கும் பரவும். 1905இல் செருமானிய அறிஞர் இருவர் இக்கிருமியைக் கண்டனர். மறு ஆண்டே வாசர்மன் குருதிச் சோதனையை வகுத்தார். 1943இல் பெனிசிலின் இதனைத் தீர்க்குமெனத் தெரிந்தது. விடை ஆயத்தமாயுள்ளது, வினாதான் வாயினின்று வெளிவருவதில்லை.

நம் முன்னோர் மேகம், வெட்டை, கிரந்தி எனப் பெயரிட்டுப் பேசினர். நாமோ நாணி, 'அது' என்கிறோம். பெயரற்ற வினாவிற்குத் தெளிந்த விடை எங்ஙனம் கிட்டும்? எல்லாப் புண்ணும் கிரந்தியன்று. எல்லா எரிச்சலும் வெட்டையன்று. சோதித்தே அறிதல் வேண்டும். தொடக்க நாள்களில் சோதனைக்கும் நோய் அகப்படாமற் போகலாம். அப்போது மீண்டும் சோதித்தல் வேண்டும்.

இறுதியில் இளைஞன் மருத்துவமனைப் படியேறினான், மறையாமல் உரைத்தான். குருதியில் நோய் தெரிந்தது.

"ஐயா, நான் மணக்கலாமா?"

"ஊசி போட்டுக்கொள்ளுங்கள். மறுசோதனையில் தேறியபின் மணக்கலாம். அந்தப் பெண்ணிடம் மறைக்காதீர்கள்."

அன்றிரவு அவன் உறங்கினான்.